பீச் ரோடு முடியும் இடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மகளோடும் பேரனோடும் மதியம் ஹேஸ்ப்ரா வந்து சேர்ந்தேன். இங்கிலாந்தின் நார்ஃபக் கடலோரத்துச் சின்ன கிராமம். எண்பதுகளில், ஆகஸ்ட் பிறந்தால் நாரிச்சிலிருந்து பிள்ளைகளோடு நேரே இங்கேதான் வருவோம். கடலைப் பார்த்த மேட்டின் மேல் வாடகைக்கு ஒரு கேரவன். மழை பிடித்தால் கூரை அதிர அதிர உள்ளே சீட்டாட்டம். விட்டதும் மணலுக்கு ஓட்டம்.

வெயில் காய்ந்தாலும் வட கடல் காற்று எலும்பு வரை போகும். என் கணவர் முதல் வேலையாகக் காற்றுத் தடுப்புத் துணியின் கழிகளை மணலில் அடித்து இறக்குவார். அந்த மறைவில் பிளாஸ்க் டீயும், பல்லில் மணல் நறநறக்கும் சாண்ட்விச்சும். பிள்ளைகளுக்கு மட்டும் குளிரே தெரியாது. உதடு நீலம் பாரித்து வந்து நிற்பவர்களைத் துண்டில் சுற்றி, வினிகர் தெளித்த சூடான சிப்ஸைக் கையில் கொடுப்பேன். இப்போதும் வினிகர் வாசனை வந்தால் ஈரத் தலைகள்தான் கண்ணில் நிற்கின்றன.

மாலை பீச் ரோட்டில் நடந்தோம். பாதி வழியில் வேலி. அதற்கப்பால் சாலையே இல்லை. "எந்தப் பக்கம்மா நம்ம கேரவன் நின்னுது?" என்றாள் மகள். கடலைத்தான் கைகாட்ட முடிந்தது.

ஆகஸ்ட் 13, புதன்

இந்த மேடு பனியுகம் விட்டுப்போன மணலும் களிமண்ணும். மேலே மழைநீர் ஊறித் தளர்த்த, அடியில் அலை குடைய, பாளம் பாளமாகச் சரிகிறது. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி இங்கிலாந்தில் 307 பேரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஐம்பதுகளின் இறுதியில் இங்கே கரை நெடுக மரத்தடுப்புகள் போட்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஏறிக் குதித்து விளையாடியது அவற்றின் மேல்தான். தொண்ணூறுகளில் தடுப்புகள் சிதைந்தன. முழுதாக மீண்டும் கட்டவில்லை. காப்பதற்கு ஆகும் செலவு, காக்கப்படும் வீடுகளின் மதிப்பைத் தாண்டுகிறது என்பது கணக்கு.

2012 வாக்கில் பீச் ரோட்டின் விளிம்பில் நின்ற ஒன்பது வீடுகளைப் பொதுப்பணத்தில் வாங்கி இடித்தார்கள். அது சோதனைத் திட்டம். மற்றபடி கடல் ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டால் இழப்பீடு கேட்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. ஆயுள் சேமிப்பையெல்லாம் ஒரு வீட்டில் போட்டவர்களை இப்படிக் கைவிடுவது அநியாயம். வாரக் கணக்கில் வந்துபோன எனக்கே மனம் ஆறவில்லை, பிறந்து வளர்ந்தவர்களுக்கு எப்படி இருக்கும்?

ஆகஸ்ட் 14, வியாழன்

இதே அரிப்பு 2013 மே மாதம் ஓர் அதிசயத்தையும் திறந்து காட்டியது. கரை மணல் அடித்துப்போன இடத்தில், இறுகிய பழஞ்சேற்றில் மனிதக் காலடிகள். எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் முந்தையவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அவ்வளவு பழைய காலடிகள் அதுவரை கிடைத்ததில்லை. ஆய்வாளர்கள் மழையிலும் அலையிலும் நின்று படமெடுத்து வைத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் கடல் துடைத்துவிட்டது. பெரியவர்களோடு குழந்தைகளும் நடந்திருக்கிறார்கள் என்று பேரனிடம் சொன்னேன். சட்டென்று ஷூவைக் கழற்றிவிட்டான்.

இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்தது கலங்கரை விளக்கம். 1790-இல் கட்டியது, வெள்ளைக் கோபுரத்தில் மூன்று சிவப்புப் பட்டைகள். கடலுக்கு நெருக்கமாக நின்ற அதன் சின்ன ஜோடியை, அரிப்புக்குப் பயந்து 1883-இல் நிறுத்திவிட்டார்கள். பெரியதையும் 1988-இல் அணைக்க முடிவானபோது ஊர்க்காரர்கள் விடவில்லை. போராடி, 1990-இல் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே வாங்கித் தாங்களே ஏற்று நடத்துகிறார்கள். தன்னார்வலர்களும் நன்கொடையும்தான் பலம். ஊர் கூடிப் பிடித்துக்கொண்டதால் அது இன்றும் எரிகிறது. வீடுகளுக்கும் அப்படி ஒரு சட்டம் வரவேண்டும்.

கோடை ஞாயிறுகளில் மேலே ஏறவிடுவார்கள். மொத்தம் 112 படிகள். ஞாயிறு வரை தங்கிவிடுவோம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். நன்கொடைக்கென்று அவள் பணம் எடுத்து வைத்துவிட்டாள்.