விண்ணப்பத்தில் ஒரு கேள்வி

அன்புள்ள சித்ரா அக்காவுக்கு,

மீனா ரெசிடென்சி என்னும் மருத்துவப் பயிற்சிக்கு நியூயார்க் வரப்போவதில் எங்களுக்கும் சந்தோஷம். குளிருக்கு எந்தக் கோட்டு, பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். அதை அவளே வந்து கண்டுபிடித்துக்கொள்வாள். நான் சொல்ல நினைப்பது வேறு.

2020இல் நம் ஊரில் தட்டுத் தட்டிய மாதிரி இங்கே தினமும் மாலை ஏழு மணிக்கு மருத்துவ ஊழியர்களுக்காக ஜன்னலைத் திறந்து கைதட்டினார்கள். அப்போது மன்ஹாட்டனின் வடகோடியில் ஆலன் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் லோர்னா பிரீன். கொரோனா வந்து, படுத்து எழுந்து, மறுபடி வேலைக்குப் போனார். முடியவில்லை. குடும்பத்தார் வர்ஜீனியாவுக்கு அழைத்துப்போய்ச் சிகிச்சைக்குச் சேர்த்தார்கள். ஏப்ரல் 26 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 49.

மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று அவர் பயந்ததாகக் குடும்பத்தார் பின்னர் சொன்னார்கள். காரணமில்லாத பயம் என்று தள்ளிவிட முடியாது. பல மாநிலங்களின் லைசென்ஸ் விண்ணப்பத்தில், எப்போதாவது மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்றொரு கேள்வி இருந்தது. கல்லூரி நாளில் சில மாதம் மாத்திரை சாப்பிட்டவரும் ‘ஆம்’ போட்டு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. நியூயார்க் விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியே இல்லை என்பதுதான் கொடுமை. கேட்காத இடத்திலும் பயம் போய் உட்கார்ந்துகொள்கிறது.

பழைய கதையைக் கிளறாதீர்கள், இன்றைக்கு வேலையைக் கெடுக்கும் குறை உண்டா என்று மட்டும் கேளுங்கள் என்று லைசென்ஸ் தரும் மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018லேயே சொல்லிவிட்டது. 2022 மார்ச்சில் லோர்னா பெயரிலேயே ஒரு சட்டம் வந்து, மருத்துவ ஊழியர் மனநலத்துக்கு நிதி ஒதுக்கியது. ஆனால் கேள்வியை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு வாரியமாக, ஒவ்வொரு மருத்துவமனையாகக் கேட்டு வருவது அவர் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை. பல இடங்களில் எடுத்தும் விட்டார்கள்.

நிர்வாகங்களுக்குப் பிடித்த வைத்தியம் யோகா வகுப்பு, பீட்சா, ‘நீங்களே ஹீரோக்கள்’ என்று ஒரு பேனர். ரெசிடென்ட்டுகளிடம் வாரத்துக்கு 80 மணி நேரமும், ஒரே மூச்சில் 24 மணி நேரமும் வேலை வாங்க விதியே இடம்தருகிறது. அவர்கள் எந்த நேரத்தில் யோகா செய்வது? படிவத்தில் ஒரு வரியை அடிக்கக் காசு செலவில்லை. அதற்குத்தான் பத்து மீட்டிங் போடுகிறார்கள்.

மீனா மாதிரிப் பிள்ளைகளுக்கு விசாவும் அந்த வேலையோடுதான் கட்டியிருக்கிறது. ஆகவே வாயைத் திறக்க இன்னும் தயங்குவார்கள். சேரும்போது அவளுடைய மருத்துவமனைப் படிவம் என்ன கேட்கிறது என்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தன் மருத்துவமனைக்கு வெளியே தனக்கென ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளட்டும். என்றாவது போனில் அழுதால், ‘டாக்டரே இப்படிச் சொல்லலாமா’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அக்கா. இங்கே 988 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பெயர் சொல்லாமலே எந்நேரமும் அழைக்கலாம். உங்கள் பக்கம் அதுபோன்ற எண் 14416.

அன்புடன்,
தம்பி