வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை



போன ஞாயிறு மகன் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிப்போனான். மண்சட்டியில் குதிரைவாலிச் சோறு. பில்லைப் பார்த்ததும் எனக்கு 1988 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மார்ச்சில் பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுப் பணி, சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பக்கம் ஒரு கிராமத்தில் விழுந்தது. லாட்ஜ் எல்லாம் கிடையாது. ஒரு அம்மா சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். பின்னால் ஓட்டு அறை, கயிற்றுக்கட்டில், பானைத் தண்ணீர். படுக்க வாடகை இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் காசு.

சாப்பாடா அது! குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, சீனியவரை வத்தல். போதும் என்றால் கேட்கமாட்டார். "கரிசக்காட்டு வெயிலுக்கு இது காணாது சார்" என்று இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வார். விருதுநகர் எண்ணெய் புரோட்டாவை ஊரே புகழ்கிறது. நானும் மறுக்கவில்லை. ஆனாலும் என் ஓட்டு அந்தக் குழம்புக்குத்தான்.

பரிமாறியது அவர் மகள். பத்து வயது. முதல் நாள் விடியற்காலை நாலு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். ராத்திரி எனக்குச் சோறு போட்ட பிள்ளை, தூக்குவாளியோடு தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். 14 வயதுக்குட்பட்டவர்களை அந்த வேலையில் வைக்கக்கூடாது என்று 1986-லேயே சட்டம் வந்தாயிற்று.

வாத்தியார் இல்லையா, கேட்டுவிட்டேன்.

"மழை பெஞ்சாத்தான சார் வெள்ளாமை? அவ குச்சி அடுக்குற காசுலதான் இந்த அடுப்பே எரியுது."

நான் தின்ற சோறும் அந்த அடுப்பில் வெந்ததுதான். அதற்குமேல் வாய் எழவில்லை. சாப்பிடாமலும் இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி மூன்று நாள் காசு வாங்க மறுத்துவிட்டார். "இவளுக்குப் பேரெழுதச் சொல்லிக்குடுங்க சார், அது போதும்."

ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில், பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதப் பழகினோம். ஐந்தெழுத்துப் பெயர். ஓர் எழுத்து எழுதுவாள், தலை சாய்ந்துவிடும். உலுக்கி எழுப்ப எனக்கு மனசு வராது. அவள் அம்மாதான் எழுப்புவார். மூன்றாம் ராத்திரி நான்கு எழுத்து வந்துவிட்டது. மிச்சத்தைக் காலையில் எழுதிக் காட்டுகிறேன் என்றாள்.

நான் எழுந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.

1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பேப்பரில் படித்தேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். அவளுக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்கும்.