லேப்டாப்புக்குள்ள ஒரு உறுமி!

விருதுநகர், சாத்தூர், இருக்கன்குடி, சிவகாசி... கந்தக பூமியை ஒரே நாள்ல சுத்திப் பார்க்க இதுதான் ரூட் பாஸ்! விருதுநகர்ல எண்ணெய் பரோட்டாவை ஒரு கை பார்த்துட்டு, சாத்தூர்ல காராசேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கோங்க. பஸ்ல கேட்க ஒரு ஆல்பமும் இருக்கு. எம்.ஐ.ஏ.வோட 'கலா'!

எம்.ஐ.ஏ.ன்னா மாதங்கி அருள்பிரகாசம். லண்டன்ல பிறந்து, சின்ன வயசுல யாழ்ப்பாணத்துல இருந்த பொண்ணு. முதல் ஆல்பத்துக்கு அப்பா பேரு, 2007-ல் வந்த இந்த ரெண்டாவதுக்கு அம்மா பேரு. 2006-ல் அமெரிக்க வேலை விசா கிடைக்காமப் போக, லேப்டாப், மைக், லாஜிக் புரோ சாஃப்ட்வேரோட இந்தியா, டிரினிடாட், ஜமைக்கான்னு கிளம்பிட்டாங்க. பாதி வேலை கம்ப்யூட்டர்ல, மீதி ரோட்டுல!

'பேம்பூ பாங்கா' டிராக்குக்குள்ள 'தளபதி' பட இளையராஜா பாட்டோட துண்டு ஒண்ணு ஓடும். 'பேர்ட் ஃப்ளூ' போட்டீங்கன்னா சென்னையில ரெக்கார்ட் பண்ணின உறுமிச் சத்தம் காதைப் பிளக்கும். உலக டான்ஸ் ஃப்ளோர்களுக்கு அது புதுசு. சாத்தூர்ல இறங்கி இருக்கன்குடி பஸ்ஸைப் பிடிக்கிறவங்களுக்கு அது பழகின சத்தம். மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு லட்சக்கணக்குல ஜனம் வரும். கூட்டத்துக்கு நடுவுல ஒருத்தர் ஒரு பக்கத் தோலை வளைஞ்ச குச்சியால தேய்ப்பார், மறுபக்கத்தை அடிப்பார். மாடு உறுமுற மாதிரி அடிவயித்துல இறங்கும். சாஃப்ட்வேர்ல 'பேஸ்' கூட்டுறோமே, அது இங்க தோலும் குச்சியும்தான்.

சிவகாசிக்கு வந்தா இன்னொரு தாளம். மியூசிக் சாஃப்ட்வேர்ல கட்டம் கட்டமா அடியை வரிசையா வைப்போம் இல்லையா? சரவெடியும் அப்படித்தான். ஒவ்வொரு வெடியோட திரியையும் கையாலயே பின்னிப் பின்னி சரமாக்கணும். அப்பதான் பத்த வெச்சதும் இடைவெளி விடாம 'படபட'ன்னு ஓடும். பின்னுறவங்கள்ல நிறைய பேர் சுத்துப்பட்டு கிராமத்துப் பெண்கள். சத்தம், புகை, குப்பைன்னு காரணம் சொல்லி 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டுடுச்சு. காரணம் நியாயம்தான். ஆனா அந்தப் பின்னுற கைக்கு அடுத்த வேலை என்னங்கிற கேள்விக்குத் தீர்ப்புல பதில் கிடையாது.

உறுமிக்கும் இதே கதைதான். ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணிட்டா கம்ப்யூட்டர் காலத்துக்கும் அதையே சுத்த விடும். அடிச்சவருக்குக் கூலி ஒரு நாளைக்கு மட்டும்!

ஹாஸ்டல் ரூம்ல ஹெட்போன் மாட்டி லூப் போடுற மக்களே... சாம்பிளை இன்டர்நெட்ல தேடுறதுக்கு முன்னாடி, பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் பக்கம் மைக்கோட வாங்க. முதல்ல கூலியைப் பேசுங்க. அப்புறம் ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்க. டிராக் வெளியே வரும்போது அடிச்சவர் பேரும் கூடவே வரணும். அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம்!