கண்ணாடி மேசையில் ஓர் உடல்

"நான் போனப்புறம் என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துடுங்க." அப்பா சாப்பாட்டு மேசையில் இப்படிச் சொன்னதும் அம்மா எழுந்து போய்விட்டார். எனக்கும் மனம் ஒப்பவில்லை. "இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே சொல்லித் தராங்கப்பா" என்று சமாளித்தேன். அது உண்மைதானா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை நொவீனா எம்ஆர்டியில் இறங்கினேன்.

டான் டோக் செங் மருத்துவமனைக்கு அருகே, மண்டலே சாலையில் இருக்கிறது லீ கோங் சியான் மருத்துவக் கல்லூரி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் லண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் சேர்ந்து தொடங்கியது. முதல் மாணவர்கள் 2013இல் சேர்ந்தார்கள். இங்கே படிக்கும் என் சித்தப்பா மகள்தான் சுற்றிக் காட்டினாள்.

கட்டில் நீளத்துக்கு ஒரு தொடுதிரை மேசை. அதில் ஆளுயரத்துக்கு ஓர் உடல். விரலால் தள்ளினால் தோல் விலகுகிறது. அடுத்து தசை, அதற்கடியில் எலும்பு. இதயத்தைத் தனியே எடுத்துச் சுழற்றிக் காட்டினாள். தப்பாக வெட்டிவிட்டால்? ஒரு தொடுதலில் உடல் மறுபடி முழுதானது.

"எத்தனை தடவ வேணும்னாலும் செஞ்சு பார்க்கலாம்கா."

எனக்கு நிம்மதி. அப்பாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"யார் வரைஞ்ச படம் இது?"

"வரைஞ்சது இல்லக்கா. நிஜ மனுஷங்க."

இத்துறைக்கு வழி திறந்தது அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் 'விசிபிள் ஹியூமன்' திட்டம். தானமாகக் கிடைத்த ஓர் ஆணின் உடலை உறையவைத்து, 1 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, ஒவ்வோர் அடுக்கையும் படமெடுத்தார்கள். 1,871 அடுக்குகள். 1994இல் அவை வெளியாயின. மறு ஆண்டு 59 வயதுப் பெண் ஒருவரின் உடல், இன்னும் மெல்லிய அடுக்குகளாக வந்தது. அவர் பெயரைச் சொல்லவில்லை.

கல்லூரியில் பிளாஸ்டிக் ஏற்றிப் பதப்படுத்திய நிஜ உடல்களும் உண்டு. எதற்கு என்றேன்.

"திரையில எப்பவும் அதே ஆளுதான்கா. நிஜத்துல ரத்தக்குழாய் ஓடுற வழிகூட ஆளுக்கு ஆள் மாறும். நாளைக்கு என்கிட்ட வர்ற நோயாளி அந்தத் திரையில இருக்கிறவரா இருக்க மாட்டாரே."

சிங்கப்பூரில் 18 வயதானவர்கள், இறந்தபின் தம் உடலைக் கல்விக்கோ ஆய்வுக்கோ தருவதாக உறுதி அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்பா அந்தப் படிவத்தை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

அன்றிரவு, "கம்ப்யூட்டர் மட்டும் போதாதாம்ப்பா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அந்தப் படிவத்தை இங்க கொண்டா. நானும் படிச்சுப் பார்க்கிறேன்."