கசிவு

குழாய்க் கசிவு எல்லா ஊரிலும் சிறு செய்தியே. குமுளியில் குடியிருக்கும் நமக்கோ அச்சொட்டொலி வேறு நினைவுகளை எழுப்பிவிடுகிறது.

சென்ற மழைக்காலத்தில் நம் சமையல் மேடையின் அடியில், இரும்புக் குழாயின் கடைசி எல்போவில் நீர் சொட்டியது. அங்கே கை நுழையும், தலை நுழையாது. வால்வை அடைத்து, மல்லாந்து படுத்து, விரல்களையே கண்களாகக் கொண்டோம். ரெஞ்சைக் கால்வட்டம் சுழற்றவும் இடமில்லை. சிறிது திருப்பி, விடுவித்து, மீண்டும் பற்ற வேண்டும். மரைமீது சணலை முறுக்கும் திசையிலேயே சுற்றுதல் வேண்டும். மாற்றிச் சுற்றினால் பிரிந்துவிடும். அடியில் விரித்த பழைய செய்தித்தாள் மறுநாள் காலை நனையாதிருந்தது.

பெரிய கசிவுக்கு இத்தகைய எளிய சோதனை ஏது? சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தில் கட்டப்பெற்று 1895-இல் நிறைவுற்றது முல்லைப் பெரியாறு அணை. கற்கட்டில் கசிவு இயல்பு. நீரோடு சுண்ணாம்பும் கரைந்து வெளியேறுவதே கவலை. 1930-களில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பு செலுத்தினர். 1979-இல் நீர்மட்டத்தை 136 அடிக்குத் தாழ்த்தி, பின்னர் உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றினர்; எஃகு வடங்களால் அடிப்பாறையோடு பிணைத்தனர்; பின்புறம் கான்கிரீட்டால் தாங்கு கொடுத்தனர். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க இசைந்தது. அணையின் உள்ளே குறுகிய நடைவழியில் கசிநீரை இன்றும் அளக்கின்றனர்.

அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் மழையிரவுகளில் உறங்காதோர் நம் அலுவலக நண்பர்கள். மலைக்கு அப்பால் கம்பத்தில் அந்நீரால் நாற்று நடுவோர் நம் உறவினர். கசிவு எத்தனை லிட்டர் என்று இரு சாராரும் நம்மிடமே கேட்கின்றனர்.