டிஸ்க் பிரேக்கும் பழைய டூத் பிரஷ்ஷும்

புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதை எழுதலாம். பிரேக்கைத் தேய்ப்பதையுமா ஒருத்தி எழுதுவாள் என்று சிரிக்காதீர்கள், சகோதரிகளே. நாமும் நம் குழந்தையும் பின்னால் உட்கார்ந்து போவது அந்த வண்டியில்தானே?

என் பெரியவன் வாடிப்பட்டியிலிருந்து தினமும் மதுரைக்கு பைக்கில் வேலைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் மருமகளும் ஒன்றரை வயசுப் பேத்தியும். ஐப்பசி மழைக்கப்புறம் முன் சக்கரத்தில் 'கிறீச்' சத்தம். மருமகள்தான் முதலில் கவனித்தாள். "அத்தே, வண்டிய நகத்தவே முடியல, யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு" என்றாள். மகனோ, "ஏ.பி.எஸ். வண்டிம்மா, ஒண்ணும் ஆகாது" என்றான். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் சேறு சட்டம் படித்துவிட்டா வருகிறது?

மோட்டார் வேலை தெரிந்த என் தம்பியை வரச் சொன்னேன். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றியவன், "இங்க பாருக்கா" என்றான். ஒரு பக்கத்து பேட் பாதிக்கு மேல் இருந்தது. உள்பக்கத்து பேட் தேய்ந்து இரும்புத் தகடு தெரிந்தது! எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

காரணம் சின்னதுதான். காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாகப் பிடிக்கும். பின்னில் சேறும் துருவும் ஏறினால், இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்த வேண்டிய உலக்கையை ஒருத்தியே குத்துகிற கதை.

அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். வண்டியை ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, சூடு ஆறிய பிறகே தொட வேண்டும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் பழைய சேலைக் கிழிசலால் கட்டி வைக்கணும். கழற்றி வைத்திருக்கும்போது பிள்ளைகள் யாரும் பிரேக் லீவரை அமுக்கிவிடக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். தூசியை வாயால் ஊதாதீர்கள், நெஞ்சுக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரும் டூத் பிரஷ்ஷும் போதும். பிஸ்டனைச் சுற்றி நன்றாகத் துடைத்த பிறகே அதை உள்ளே தள்ள வேண்டும்.

பின்களில் பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிகோன் கிரீஸை மெல்லிசாகப் பூசினான். நான் தையல் மிஷின் எண்ணெயை நீட்டவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நீட்டினார்! சாதாரண எண்ணெய், பெட்ரோல், வாஸ்லின் எல்லாம் ரப்பரை ஊத வைத்துவிடுமாம். பேடிலும் டிஸ்க்கிலும் ஒரு பொட்டுக் கிரீஸ்கூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது.

புது பேட் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். போல்ட்டை அளவாக முறுக்குவதற்கு அதற்கான ஸ்பேனர் வேண்டும். இல்லாதவர்கள் அதை மட்டும் ஒர்க் ஷாப்பில் செய்துகொள்ளலாம். பிரேக் ஆயில் மாற்றுவதும் அவர்கள் வேலைதான். வண்டியை எடுக்குமுன் லீவரை, கைக்குக் கெட்டியாகிற வரை பல தடவை அமுக்கணும். இதை மறந்தால் முதல் தடவை பிரேக்கே இருக்காது.

இப்போது சித்திரை வெயிலுக்கு முன்னால் ஒரு தடவையும் மழை முடிந்ததும் ஒரு தடவையும் எங்கள் வாசலில் இந்த வேலை நடக்கிறது. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது மருமகள். பேத்தியைத் திண்ணையில் பிடித்துவைத்துக்கொள்வது மகன்.