கரி மியூசியத்தின் கூரையில் சூரியன்!

அமெரிக்காவில் லீவு கிடைத்தால் எல்லோரும் நயாகரா போவார்கள். நான் போனது நிலக்கரி மியூசியத்துக்கு!

சிரிக்காதீர்கள். நான் நெய்வேலிக்காரன். அப்பா சுரங்கத்தில் முப்பது வருஷம் ஷிப்டு பார்த்தவர். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் ஆறு மாசம் குப்பை கொட்டும்படி ஆபீஸில் என்னை அனுப்பியபோது, போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்கேயும் கரி வெட்டறாங்களாமே, போய்ப் பார்த்தியா?" என்பதுதான். "சாப்பிட்டியா?" என்பது அம்மாவின் இலாகா.

ஆகவே 2025 நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, ரூம்மேட்டைத் தூக்கத்திலிருந்து கிளப்பிக் காரில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். தென்கிழக்கே மூணு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். அப்பலாச்சிய மலைகள். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, ஜவுளிக் கடையில் புடவையை விரித்துப் போட்ட மாதிரி! ரேடியோவில் மட்டும் ஒரே புலம்பல். வாஷிங்டனில் அரசாங்கத்துக்குப் பூட்டுப் போட்டு அன்றைக்கு 32-வது நாள்.

"என்னடா சண்டை இவனுங்களுக்கு?" என்றான் ரூம்மேட், கொட்டாவிக்கு நடுவே.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் சண்டை. 2010-ல் ஒபாமா கொண்டு வந்த சட்டத்துக்கு, கடைசி ஓட்டெடுப்பில் குடியரசுக் கட்சியிலிருந்து ஒருத்தர்கூடக் கை தூக்கவில்லை. அன்று ஆரம்பித்த மல்லுக்கட்டு இன்னும் ஓயவில்லை. அந்தச் சட்டப்படி பாலிசி வாங்குகிறவர்களுக்கு 2021-ல் கூட்டிக் கொடுத்த மானியம் டிசம்பரோடு முடிய இருந்தது. அதை நீட்டித்தால்தான் பட்ஜெட்டுக்கு ஓட்டு என்றது ஜனநாயகக் கட்சி. முதலில் பூட்டைத் திறப்போம், பிறகு பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. நடுவில் சம்பளமில்லாமல் நின்றவர்கள், நம்மைப் போன்ற ஆபீஸ் ஜீவன்கள்!

பென்ஹாம் சின்ன ஊர். டிராக்டர் செய்கிற கம்பெனி ஒன்று, தன் இரும்பு உலைக்குக் கரி வேண்டி நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டிய ஊர். கம்பெனியின் பழைய ஸ்டோர்தான் இப்போது மியூசியம். அண்ணாந்து பார்த்தேன். கூரையில் வரிசையாகச் சோலார் பலகைகள்! கரண்ட் பில்லைக் குறைக்க 2017-ல் போட்டார்களாம். கள்ளுக்கடை வாசலில் மோர்ப்பந்தல் மாதிரி இருந்தது.

உள்ளே ஹெல்மெட், விளக்கு, சாப்பாட்டு வாளி. அப்பாவின் தூக்குச்சட்டி ஞாபகம் வந்தது.

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் மகள், சலூனில் முடி வெட்டுகிறவர்.

"எந்த ஊர் தம்பி?" என்றார் பெரியவர். (இங்கிலீஷில் அவர் சொன்னது 'ஸன்'. நம்மூரில் அது தம்பிதானே?) என் அப்பாவும் சுரங்கம்தான் என்றதும் நகர்ந்து உட்கார இடம் கொடுத்தார். பேச்சுவாக்கில் ஒபாமா பெயர் வந்தது. வந்திருக்கக் கூடாது!

"அந்தச் சட்டமே ஆகாது. ஆனா எங்க ஊர் 'கனெக்ட்' நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மகள் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பா, ரெண்டும் ஒண்ணுதான்!"

நிஜம். ஒபாமா சட்டத்தின் கீழ் பாலிசி விற்க, கென்டக்கி அரசு 2013-ல் திறந்த கடைக்குப் பெயர்தான் 'கனெக்ட்'. அடுத்து வந்த குடியரசுக் கட்சி கவர்னர் அதை மூடினார். முதலில் திறந்தவரின் மகனே கவர்னராகி 2021-ல் மறுபடி திறந்தார். பெயர்ப்பலகை விளையாட்டு நமக்குப் புதுசா என்ன?

"இவருக்கு நஷ்டஈடு எப்படி வருது தெரியுமா?" என்று மகள் என் பக்கம் திரும்பினார். பதினைந்து வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்து நுரையீரல் அடியோடு கெட்டுப்போனால், அது கரித்தூசியால் வந்த 'கறுப்பு நுரையீரல்' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். இந்த ஷரத்து உட்கார்ந்திருப்பது அதே 2010 சட்டத்துக்குள்! கம்பெனி திவாலானால் பணம் தருகிற நிதி ஒன்று இருக்கிறது. அதற்காகக் கரி மேல் போடும் வரியை நிரந்தரமாக்கியது, சூரியனுக்கும் காற்றாலைக்கும் அள்ளிக் கொடுத்த 2022-ன் பருவநிலைச் சட்டம்!

அந்தச் சட்டம் செனட்டில் 50-க்கு 50 என்று நின்றபோது, 51-வது ஓட்டைப் போட்டுக் கரையேற்றியவர் அன்றைய துணை ஜனாதிபதி, நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ். 2025 ஜூலையில் அதே சூரிய, காற்றாலைச் சலுகைகளை வெட்டி, ஏழைகளின் மெடிக்கெய்டு செலவையும் குறைத்த சட்டமும் 51-50-ல்தான் தேறியது. அந்த ஓட்டு துணை ஜனாதிபதி வான்ஸுடையது. அவர் தாத்தா பாட்டி இதே கிழக்குக் கென்டக்கி. மாமனாருக்குப் பூர்வீகம் ஆந்திரா!

என் வாய் சும்மா இருக்குமா? "ஐயா, உங்க மூச்சைக் காப்பாத்தற சட்டத்தையே எதிர்த்து ஓட்டுப் போடறீங்களே?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. குழாய் மட்டும் உஸ்ஸென்றது.

"உங்கப்பா வெட்டின கரியிலதானே உங்க ஊர்ல விளக்கு எரிஞ்சுது?"

"ஆமா."

"அந்த வேலையை ஒழிச்சுடுவோம்னு ஒருத்தர் பேசினா, உங்கப்பா அவருக்கா ஓட்டுப் போடுவார்? 2016-ல ஹிலாரி பேசினாங்க. உங்களைக் கைவிட மாட்டோம்னும் கூடவே சொன்னாங்களாம். அது என் காதுல விழலை தம்பி. முன்னால சொன்னதுதான் விழுந்தது."

எனக்குப் பதில் வரவில்லை. மகளின் குரலும் இறங்கியது. "அப்பா சொல்றது நிஜம்தான். ஆனா 2022-ல இந்த மலைப்பக்கம் வெள்ளம் வந்து நாப்பது பேருக்கு மேல போனாங்களே, அதுவும் நிஜம்தான்."

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். மானியம் போனால் அடுத்த வருஷ பிரீமியம் ரெண்டு மடங்குக்கு மேல். பெரியவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நான் கட்டறேன்."

"எதுலேர்ந்து? அந்த நஷ்டஈட்டுப் பணத்துலேர்ந்தா?"

ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பெரியவரின் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அது நிற்க வெகு நேரம் ஆயிற்று.

வாஷிங்டன் பூட்டு பிறகு 43-வது நாள் திறந்தது. மானியம் மட்டும் டிசம்பர் 31-ஓடு காலாவதி!

பென்ஹாமிலிருந்து திரும்பிய அன்று ராத்திரியே அப்பாவுக்குப் போன் போட்டேன். ஒபாமா, வான்ஸ், 51-50, கூரைமேல் சோலார் என்று அரை மணி நேரம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. அந்த மனுஷன் ராத்திரியில படுத்துத் தூங்கறாரா, இல்லே உட்கார்ந்துக்கிட்டேதானா?"

அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.